அங்கம்மா வாஷர்

ராயபுரம்
4 பிப்ரவரி 2025

அன்புள்ள வினிதா,

என் பெயரைப் பார்த்ததும் கவரைக் கிழித்துப் போட்டுவிடாதே. ஏழு வருஷமாக என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். மெயில் போட்டால் பதில் இல்லை. அதனால்தான் ஸ்பீட் போஸ்ட். நீ வள்ளூரில் அனல்மின் நிலையத்துக்கு வேலை எடுத்துச் செய்யும் ஒரு காண்ட்ராக்டரிடம் ஸ்டோர் கீப்பராக இருப்பதாகச் சொன்னார்கள். அந்த விலாசம் சரியாகத் தெரியாததால் திருவொற்றியூரில் உங்கள் அப்பாவின் போட் எஞ்சின் ரிப்பேர் ஷெட்டுக்கே அனுப்புகிறேன். கோதண்டம் அப்பா எப்படி இருக்கிறார்? ஆன்ட்டியையும் கேட்டதாகச் சொல்.

நல்ல செய்தி ஒன்று. நம் 'கடைச்சாவி'யை பெங்களூர் கம்பெனி ஒன்று வாங்கப் போகிறது. டோல்கேட் மாடி அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆரம்பித்தது, இன்றைக்குக் காசிமேடு முதல் நாகப்பட்டினம் வரை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. மெக்கானிக் வாயில் வரும் பெயரை அப்படியே அடித்தால் சரியான பார்ட் திரையில் வருகிறதே, அது வேறு எந்த சாஃப்ட்வேரிலும் இல்லை. அதற்காகத்தான் வாங்குகிறார்கள்.

ஒரே ஒரு சின்னச் சிக்கல். அவர்களுடைய வக்கீல்கள் ஆதி ஃபைல்களைத் தோண்டியதில் பல இடங்களில் 'வினிதா கோ.' என்று உன் பெயர் இருக்கிறது. இந்த சாஃப்ட்வேரில் உனக்கு எந்த உரிமையும் இல்லை என்று நீ எழுதிக் கொடுத்தால்தான் மேலே நகர முடியும் என்கிறார்கள். இரண்டு பக்கக் காகிதம் இணைத்திருக்கிறேன். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. மார்ச் முப்பத்தொன்றுக்குள் வேண்டும். வெறும் சம்பிரதாயம்தான். உனக்கும் ஏதாவது செய்வேன், தப்பாக நினைக்காதே.

பத்தாம் ஆண்டு மலரையும் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் 'எங்கள் கதை' வந்திருக்கிறது.

நட்புடன்,
ஜெரால்ட்

திருவொற்றியூர்
12 பிப்ரவரி 2025

ஜெரால்ட்,

அன்புள்ள என்று எழுத கை வரவில்லை, மன்னிக்க வேண்டாம்.

நீ எழுதிய கடிதத்தில் எனக்குப் பிடித்த சொல் 'நம்'. நம் கடைச்சாவி. பெங்களூர்க்காரன் வாங்க வந்ததும் நம்முடையதாகிவிட்டது. ஏழு வருஷம் அது யாருடையதாக இருந்தது?

மலர் படித்தேன். கண்ணாடி மாதிரி காகிதம், நன்றாக இருக்கிறது. "2014-ஆம் ஆண்டு ஒரு மழைநாளில், கடைக்காரர் ஒருவர் மெக்கானிக் கேட்ட பொருள் என்னவென்று தெரியாமல் தவிப்பதை எங்கள் நிறுவனர் ஜெரால்ட் கண்டார். அன்றே முடிவெடுத்தார். இரண்டு ஆண்டுகள் ஷெட் ஷெட்டாக நடந்து, உழைக்கும் மக்களின் வாயிலிருந்து நாலாயிரம் சொற்களைச் சேகரித்தார்." இதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர், "அந்தப் புள்ள ஷெட்டுக்குள்ள காலு வச்சுதா இன்னா? வெளிய வண்டிலயே குந்திகினு ஆரன் அடிக்குமே" என்றார்.

கிரீஸ் வாடை பட்டாலே உனக்குத் தும்மல் வரும். "வினி, சீக்கிரம் வா" என்று பைக்கிலிருந்து கத்துவாய். உள்ளே நான் எஞ்சினுக்கு அடியில் படுத்திருக்கும் மனுஷனிடம், இதுக்கு இன்னா பேரு, எண்ணூர்ல இதை இன்னான்னு சொல்வாங்க என்று கேட்டு எழுதிக்கொண்டிருப்பேன். மூன்று நீள நோட்டு. எந்தப் பெயரை எப்படித் தப்பாக அடித்தாலும் தேடி எடுக்கிற புரோகிராமையும் நான்தான் எழுதினேன். வக்கீல்களுக்குத் தெரிந்துவிட்டது. உனக்குத்தான் மறந்துவிட்டது.

உன் காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லவில்லை. இனி நீ எனக்கு எழுதுவதைக் கையால் எழுது. டைப் அடித்தால் நீ வேறு ஆளாகிவிடுகிறாய், மலர்க்காரன் ஆகிவிடுகிறாய். முதலில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல். நாலாயிரம் சொல்லையும் நீதானே சேகரித்தாய்? அதில் 'அங்கம்மா வாஷர்' என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

வினிதா

ராயபுரம்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள வினிதா,

கையால் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்று. இதற்குள் விரல் வலிக்கிறது. சரி, நீ சொன்னால் செய்கிறேன்.

மலரில் எழுதியது கொஞ்சம் அதிகம்தான். அதை எழுதியது ஒரு விளம்பரப் பெண். ஒரே ஆளைச் சுற்றிச் சொன்னால்தான் கதை நிற்கும் என்றாள், விட்டுவிட்டேன். ஆனால் நான் ஒன்றுமே செய்யவில்லை என்பது போல நீ எழுதுவது நியாயமா? பில் போடுகிற பகுதி முழுக்க நான் எழுதியது. முதல் கடை முப்பிடாதி அண்ணாச்சியுடையது. அவர் ஒத்துக்கொள்வதற்குள் நாற்பது தடவை அந்தக் கடைப் படி ஏறியிருப்பேன். கடைசியில் என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் வாங்கினார்.

உன் கேள்விக்கு வருகிறேன். அங்கம்மா வாஷர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எண்ணூர் பீம்ராவ் ஷெட்டில் கிடைத்தது. குப்பத்து மக்கள் புது எஞ்சின் பூட்டும்போது தங்கள் அம்மன் பெயரைச் சொல்லி அந்த வாஷரை முதலில் மாட்டுவார்கள், கடலில் எஞ்சின் நிற்காது என்று நம்பிக்கை. பெங்களூர்க்காரர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொன்னேன். ஒரு திரை முழுக்க அந்தப் பெயரை மட்டும் போட்டுக் காட்டினேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு சொல்தான் இந்த வியாபாரத்தையே முடித்தது.

இப்போது திருப்தியா? காகிதத்தை மறுபடி வைத்திருக்கிறேன்.

ஜெரால்ட்

திருவொற்றியூர்
1 மார்ச் 2025

ஜெரால்ட்,

அங்கம்மா என் அம்மா.

அம்மன் இல்லை. என்னைப் பெற்றவள். நீ ஆன்ட்டி, ஆன்ட்டி என்று கூப்பிட்டாயே, அவள். மாடி அறையில் நாம் உட்கார்ந்திருந்த மூன்றரை வருஷமும் உனக்கும் சேர்த்து நெத்திலிக் குழம்பும் சோறும் கட்டி அனுப்பினவள். "அந்த சர்ச்சாண்ட புள்ளைக்கு மீனு தலை புடிக்கும், தனியா வச்சிகீறேன் குடு" என்பாள். உனக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் பெயர் என்ன என்று உனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை. உன் கடிதத்தைப் படித்த அன்று வேலைக்குப் போகவில்லை, அவ்வளவு ஆத்திரமாக இருந்தது.

கம்பெனி வாஷர் எங்கள் போட் எஞ்சினில் நிற்காது. உப்புத் தண்ணீர் பைப் சேருகிற இடத்தில் ஒழுகும். அம்மா தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நடுவில் ஓட்டை போட்டுக் கொடுப்பாள். ஒழுகாது. அப்பா எஞ்சினுக்கு அடியிலிருந்து கையை நீட்டி, "அங்கம்மா, வாஷர்" என்பார். பெண்டாட்டியைக் கூப்பிட்டு வாஷர் கேட்கிறார், அவ்வளவுதான். நடுவில் ஒரு கமா உண்டு. நான் நோட்டில் அந்தக் கமாவை எடுத்துவிட்டு ஒரே பெயராக எழுதினேன். அம்மாவைச் சீண்டுவதற்காகச் செய்தது. எங்கள் ஷெட்டைத் தவிர உலகத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பீம்ராவ் அண்ணனும் சொன்னதில்லை. இன்றைக்கு நாகப்பட்டினத்தில் சொல்கிறார்கள். அதைக் காட்டித்தான் நீ கைதட்டு வாங்கியிருக்கிறாய்.

அம்மா 2021-இல் போய்விட்டாள். மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தோம். நீ கேட்டதாகச் சொல்ல இனி முடியாது.

2018 ஜூன். மஞ்சள் காமாலையில் நான் ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தேன். அந்த இருபது நாளில் கம்பெனியை உன் பெயரிலும் உன் மனைவி பெயரிலும் பதிவு செய்தாய், பாஸ்வேர்டை மாற்றினாய், அறையைக் காலி செய்துகொண்டு கிண்டிக்குப் போனாய், என் மூன்று நோட்டையும் எடுத்துக்கொண்டு போனாய். நோட்டையாவது வாங்கி வருகிறேன் என்று அம்மா இரண்டு பஸ் மாறி கிண்டிக்கு வந்தாள். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. வெயிலில் கேட்டுக்கு வெளியே நின்றாள். மேலே கண்ணாடிக்குப் பின்னால் நீ நின்றதைப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம், "அது என்னைப் பாக்கலம்மா, வேலையா இருந்துச்சு" என்றாள். உனக்காகப் பொய் சொன்னாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

அதனால் இப்போது நான் சொல்வதைச் செய். பின்னால் பதினொரு ஷெட்டின் பெயர் எழுதியிருக்கிறேன். டோல்கேட்டில் தொடங்கி எண்ணூர் வரை. ஒவ்வொன்றுக்கும் நீயே போ, ஆளை அனுப்பாதே. அந்த வருஷங்களில் நோட்டோடு வந்து சொல் கேட்டது யார் என்று அவர்கள் கையால் எழுதி வாங்கு. எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கட்டும். அம்மா வந்த அன்று என்ன நடந்தது என்று நீயும் எழுது. எல்லாம் என் கைக்கு வந்து சேர்ந்தால், அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன். நான் வாக்கு மாறுகிறவள் இல்லை, அது உனக்குத் தெரியும்.

வினிதா

ராயபுரம்
17 மார்ச் 2025

வினிதா,

பதினொன்றும் முடிந்துவிட்டது. இணைத்திருக்கிறேன், எண்ணிக்கொள்.

உன் நோக்கம் என்னை அசிங்கப்படுத்துவது என்றால் நன்றாகவே நிறைவேறியது. ஜெகதீசன் ஷெட்டில், "ஓனரு வந்துகீறாரு, சேர் போடுங்கடா" என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் தன் ஷெட்டில் முப்பிடாதி அண்ணாச்சி மட்டும் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் எழுதிக் கொடுத்ததில் உன்னைப் பற்றி இரண்டு பக்கம், என்னைப் பற்றி ஒரு வரி: "இவன் விற்க வந்தவன்."

பீம்ராவ் எஞ்சினுக்கு அடியில் படுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "எழுதித் தரேன், அதுக்கு முன்ன அந்த நண்டுக்கால எடு" என்று கையை நீட்டினார். டூல்ஸ் பெட்டியில் முப்பது சாமான் கிடக்கிறது. எதை எடுப்பது? ஒரு ஸ்பானரைக் கொடுத்தேன், தூக்கிப் போட்டார். இன்னொன்றைக் கொடுத்தேன், அதையும் போட்டார். "இன்னாபா, ஒன் கம்ப்யூட்டர்ல கீதுல்ல, தேடிப் பாரு" என்றார். அத்தனை பேர் முன்னால் போனை எடுத்து என் சாஃப்ட்வேரிலேயே அடித்துப் பார்த்தேன் வினிதா. கூர்மூக்குக் குறடு என்று வந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஷெட்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு மொத நாளே கேட்டு எழுதிக்கினு போச்சு" என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தார்.

அங்கம்மா அம்மா இறந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வந்திருப்பேனா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

நீ எழுதச் சொன்னதை எழுதுகிறேன். அன்று உன் அம்மாவைப் பார்த்தேன். கையில் ஒரு மஞ்சள் பையும் டிபன் கேரியரும் இருந்தன. செக்யூரிட்டி போன் செய்து கேட்டபோது மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். மீட்டிங் எதுவும் இல்லை. கீழே போனால் நோட்டைக் கொடுத்துவிடுவேன் என்று பயம். நோட்டு போனால் என் கையில் என்ன மிஞ்சும்? வெறும் பில் போடுகிற மெஷின். அது ஆயிரம் பேரிடம் இருக்கிறது. சொற்கள் உன்னுடையவை, தேடும் புரோகிராம் உன்னுடையது, எனக்குத் தெரிந்தேதான் எடுத்தேன். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

போதுமா? பதினாலு நாள்தான் இருக்கிறது. காகிதத்தை மூன்றாம் முறையாக வைத்திருக்கிறேன்.

ஜெரால்ட்

திருவொற்றியூர்
21 மார்ச் 2025

ஜெரால்ட்,

பதினொன்றும் வந்தது. உன் நாலு பக்கமும் வந்தது. எண்ணிக்கொண்டேன்.

சொன்னபடி இன்றைக்கே கையெழுத்துப் போட்டேன். நேராகப் பெங்களூருக்கே அனுப்பிவிட்டேன், உனக்கு அலைச்சல் வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் அவர்களே உனக்குச் சொல்வார்கள்.

வினிதா

ராயபுரம்
5 ஏப்ரல் 2025

வினிதா,

நீ இவ்வளவு கீழே இறங்குவாய் என்று கனவில்கூட நினைக்கவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன், எதிரில் பெங்களூர் வக்கீல் ஒரு கட்டுக் காகிதத்தை வைக்கிறார். மேலே சொற்களும் புரோகிராமும் என்னுடையவை என்று நீ கையெழுத்துப் போட்ட மூன்று பக்கம். அடியில் பதினொரு ஷெட்டுக்காரர்களும் எழுதியது. அதற்கும் அடியில் நான் உனக்கு எழுதிய கடிதங்கள், என் கையெழுத்திலேயே. "இது உங்கள் கையெழுத்துதானா?" என்று கேட்டார். இல்லை என்று எப்படிச் சொல்வது? அம்மன் கதையைப் படித்துவிட்டு, அன்றைக்கு எழுந்து நின்று கைதட்டினவனே என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான்.

நீ என்னை வைத்தே எனக்குக் குழி வெட்டினாய். வெயிலில் டோல்கேட்டுக்கும் எண்ணூருக்கும் அலைய விட்டு, உனக்கு வேண்டிய சாட்சியை என்னையே சேகரிக்க வைத்தாய். வாக்கு மாற மாட்டேன் என்று எழுதினாயே, அது என்ன வாக்கு?

முப்பத்தெட்டுப் பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். ஜெமிமா என்று ஒரு பெண், இரண்டு குழந்தைகளோடு தனியாக இருக்கிறாள், நாளைக்கு அவளுக்கு நான் என்ன சொல்வது? என்னைப் பழிவாங்கு, அவர்களை ஏன்? என் மனைவி ரூத் உனக்கு என்ன செய்தாள்? மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. உன் அம்மா கேட்டில் நின்றதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. இப்போது அந்தக் கட்டில் அதையும் படித்துவிட்டாள்.

பெங்களூர்க்காரர்கள் உன்னைப் பார்க்க வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். இன்னும் என்ன வேண்டும் உனக்கு? வாயைத் திறந்து சொல்.

ஜெரால்ட்

திருவொற்றியூர்
22 ஏப்ரல் 2025

ஜெரால்ட்,

கையெழுத்துப் போடுகிறேன் என்றேன், போட்டேன். எந்தக் காகிதத்தில் என்று நான் எழுதவில்லை, நீயும் கேட்கவில்லை. நீ எதையுமே முழுதாகக் கேட்டதில்லை. எங்கள் அம்மாவின் பெயரைக் கேட்டிருந்தால் முதல் கேள்வியிலேயே தப்பித்திருப்பாய்.

பெங்களூர்க்காரர்கள் வந்தது உண்மைதான். மூன்று பேர் வள்ளூர் ஸ்டோருக்கே வந்தார்கள். உட்கார இடமில்லாமல் கேபிள் சுற்றி வைக்கிற மர உருளையில் உட்கார்ந்தார்கள். நோட்டைக் கேட்டார்கள். அது உன்னிடம் இருக்கிறது என்றேன். அடுத்த வாரம் உன்னிடமிருந்து வாங்கிக் கொண்டு வந்து கொடுத்துவிட்டார்கள். அட்டையில் உன் காபிக் கறை, உள்ளே என் எழுத்து அப்படியே இருக்கிறது. வாஷர் இருக்கிற பக்கத்தைத் திறந்து அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போடாமலே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் கடைச்சாவியை விடவில்லை. வாங்குகிறார்கள். விற்பதில் இனி என் கையெழுத்தும் உண்டு. முப்பத்தெட்டுப் பேருக்கும் வேலை இருக்கும், நான் முதலில் கேட்டதே அதைத்தான். ஜெமிமா நேற்று போனில் பேசினாள், நல்ல பெண். நீ மட்டும் வெளியே போகிறாய். ரூத்திடம் எனக்குக் கோபம் இல்லை. அவள் பேசாமல் இருப்பது உன் சம்பாத்தியம், அதில் எனக்குப் பங்கு வேண்டாம்.

எனக்கு வருத்தமாக இருக்கிறதா என்று நீ நினைக்கலாம். இல்லை. ஏழு வருஷம் கழித்து இப்போதுதான் நன்றாகச் சாப்பிடுகிறேன். பக்கத்து வீட்டு ஃபாத்திமா அக்காகூடக் கேட்டாள், "இன்னாடி, கன்னம் வச்சுகீது" என்று.

இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டாயே. ஒன்று பாக்கி இருந்தது. மலரைப் புதிதாக அச்சடிக்கப் போகிறார்களாம், 'எங்கள் கதை'யை என்னையே எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். டோல்கேட் மாடி, மூன்று நோட்டு, பதினொரு ஷெட்டு, அப்பா எஞ்சினுக்கு அடியிலிருந்து கையை நீட்டியது, கமாவோடு அம்மா பெயர், எல்லாம் வருகிறது. நீயும் வருகிறாய், ஏழாவது வரியில்: "அந்த நாட்களில் டைப் அடித்துக் கொடுக்க ராயபுரத்திலிருந்து ஒருவர் வந்து போய்க்கொண்டிருந்தார்."

இது முழு உண்மை இல்லை என்று எனக்கும் தெரியும். பில் பகுதி நீ எழுதியது. அண்ணாச்சி கடைப் படியை நீ நாற்பது தடவை ஏறினாய், மழையில் ஒரு தடவை வழுக்கி விழுந்து முட்டியில் தையல் போட்டுக்கொண்டு மறுநாளும் போனாய். அதை எழுத ஒரு வரி போதும். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துதான் இருந்தேன். எழுதவில்லை.

இன்று காலையில் அச்சுக்குப் போய்விட்டது. ஒரு பிரதி உனக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அச்சகத்தில் பெயர் கேட்டார்கள். தெரியாது, விலாசம் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

வினிதா